அம்மா ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார்: வயதுதான் காரணமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். அம்மாவுக்கு 74 வயது. ஆறு மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்குள்ளேயே கீழே விழுந்துவிட்டார். முதல் முறை முழங்கையில் சிராய்ப்பு. இரண்டாவது முறை கன்னம் வீங்கி நீலம் பாரித்துவிட்டது. எலும்பு எதுவும் முறியவில்லை. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், தூக்கத்துக்கும் ஒன்று. "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்கிறார்கள். வயதானவர்கள் ஏன் விழுகிறார்கள், யாருக்கு அடி பலமாகப் படும், நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

நான் முதியவர்களுக்குப் பிசியோதெரபி கொடுப்பவள். விழுந்து எலும்பு முறிந்தவர்களை மறுபடி எழுந்து நடக்க வைப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. இந்தக் கேள்வி பெரும்பாலும் முறிவுக்குப் பிறகுதான் என்னிடம் வரும். நீங்கள் முன்பே கேட்டுவிட்டீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த "வயசானா அப்படித்தான்" என்ற பேச்சு. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். 80ஐத் தாண்டினால் இது பாதிப் பேரை நெருங்கிவிடும். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆகவே வயதுக்கும் விழுவதற்கும் சம்பந்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்றில் ஒருவர் விழுகிறார் என்றால் மற்ற இருவர் விழவில்லையே. அவர்களுக்கும் அதே வயதுதானே?

இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டினெட்டி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் தேடிப் பார்த்தார்கள். 75 வயதைத் தாண்டி, தங்கள் வீட்டிலேயே வாழ்ந்த 336 பேரை ஒரு வருடம் கவனித்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். தூக்க மாத்திரை போன்ற மருந்துகள், ஞாபகத்திலும் சிந்தனையிலும் தடுமாற்றம், கால் பலவீனம், நடையிலும் பேலன்ஸிலும் கோளாறு, பாதத்தில் பிரச்சினை என்று சில காரணங்களை எண்ணினார்கள். இவற்றில் ஒன்றுமே இல்லாதவர்களில் விழுந்தவர்கள் 100க்கு 8 பேர். நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 100க்கு 78 பேர். நான் இந்தத் துறையில் படித்த எண்களில் என் வேலையையே மாற்றியது இதுதான். ஒரே ஒரு காரணத்தால் யாரும் விழுவது அபூர்வம். பல சின்னச் சின்னக் குறைகள் ஒரே நொடியில் கைகோத்துக்கொள்ளும்போதுதான் மனிதர் தரைக்கு வருகிறார். அதனால் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் என்பதில்லை. நான்கில் இரண்டைக் குறைத்தாலே நிலைமை நன்றாக மாறும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு ஓர் அம்மா என்னிடம் வந்தார். வயது எண்பதுக்குப் பக்கம். "கால்மிதி தடுக்கிவிட்டிருச்சு, அதைத் தூக்கிப் போட்டுட்டோம்" என்றார் மகன். பிரச்சினை தீர்ந்தது என்ற நிம்மதி அவர் முகத்தில். நான் அந்த அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். எத்தனை மணிக்கு? விடியற்காலை மூன்று மணி. எதற்கு எழுந்தீர்கள்? பாத்ரூம் போக, அவசரம். விளக்கு போட்டீர்களா? இல்லை, பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடி? மேசை மேலேயே இருந்தது. படுக்கும் முன் என்ன மாத்திரை? தூக்கத்துக்கு ஒன்று. அப்புறம், காலையில் சாப்பிட வேண்டிய, சிறுநீரை அதிகம் போகவைக்கும் பிரஷர் மாத்திரையை மறந்துபோய் ராத்திரி சாப்பிட்டிருக்கிறார். கடைசியாக, கொஞ்சம் தயங்கி, "எழுந்து நின்னதும் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சும்மா, மகன்கிட்ட சொல்லல" என்றார். படுக்கவைத்து பிரஷர் பார்த்தோம், மேல் எண் 148. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 116.

கால்மிதியை எடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் கால்மிதி இல்லாமலும் அவர் அடுத்த வாரம் விழுந்திருப்பார், வாசற்படியிலோ வெறும் தரையிலோ. நாற்பது வயதில் நாமும் கால்மிதியில் தடுக்குகிறோம். அடுத்த காலைச் சட்டென்று முன்னால் வைத்துச் சமாளித்துக்கொள்கிறோம். அந்தச் சமாளிப்புக்கு நேரமும் பலமும் இல்லாமல் போவதுதான் விழவைக்கிறது.

எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம், ஆனால் பலர் பார்ப்பதே இல்லை. நாம் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிடும். இளம் உடம்பில் ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி, இதயம் கொஞ்சம் வேகமெடுத்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். வயதாகும்போது இந்த ஏற்பாடு மெதுவாகிறது. நீண்டகாலச் சர்க்கரை நோய் இந்த ஏற்பாட்டை நடத்தும் நரம்புகளையும் பாதித்தால் இன்னும் மோசம். அதன்மேல் பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள், தண்ணீர் சரியாகக் குடிக்காதது எல்லாம் சேரும். ஐந்து நிமிடம் படுக்கவைத்துவிட்டு பிரஷர் பாருங்கள். எழுந்து நின்றதும் ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல சமயம் நேரத்தை மாற்றுவதோ அளவைக் குறைப்பதோ போதும், அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். வயிறு நிறையச் சாப்பிட்டபின் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பிரஷர் இறங்குகிற முதியவர்களும் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்து எழும்போது தள்ளாடுகிறார் என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருந்துகள். உங்கள் அம்மாவின் பட்டியலில் என் கண் முதலில் போனது அந்தத் தூக்க மாத்திரையின் மீதுதான். தூக்கம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் எல்லாமே விழும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இரவில் போட்ட மாத்திரையின் மயக்கம் வயதானவர் உடம்பில் மறுநாள் காலையிலும் மிச்சமிருக்கும். நியூசிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த வகை மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்த்தார்கள். 1999இல் வெளிவந்த அந்த ஆய்வில் விழுவது 66 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆய்வு முடிந்த ஒரு மாதத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் மறுபடி மாத்திரைக்குப் போய்விட்டார்கள். அதனால் "நிறுத்துங்கள்" என்று சொல்வது எளிது, நிறுத்துவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு கெடும், பதற்றம் வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டரோடு சேர்ந்து வாரக்கணக்கில் குறைக்க வேண்டிய விஷயம் இது.

சர்க்கரை மாத்திரையிலும் ஒரு எச்சரிக்கை. இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். இளையவர்களுக்கு வியர்வை, படபடப்பு என்று முன்கூட்டியே தெரியும். முதியவர்களுக்கு அதெல்லாம் இல்லாமல் வெறும் குழப்பமும் தள்ளாட்டமுமாகவே வரலாம். விழுந்த உடனே ஒரு முறை சர்க்கரை பார்க்கும் பழக்கம் நல்லது. கடையில் தானாக வாங்கிப் போடும் சளி, அரிப்பு மாத்திரைகளையும் கணக்கில் சேருங்கள். தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகள் அவற்றில் நிறைய உண்டு.

இனி என் பக்கத்து விஷயம், கால். இதைத்தான் குடும்பங்கள் அதிகம் விட்டுவிடுகின்றன. தொடையின் முன்தசை நாற்காலியிலிருந்து எழவும், படி இறங்கவும், தடுக்கினால் சமாளிக்கவும் வேண்டிய தசை. உபயோகிக்காவிட்டால் அது வேகமாக இளைக்கும். ஒரு வாரக் காய்ச்சலில் படுத்திருந்தாலே முதியவருக்கு அது தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் ஆபத்தானவை என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைவைத்த நாற்காலியில் அம்மா உட்காரட்டும். எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்வோம். நான் விநாடியைவிட மற்றதைத்தான் அதிகம் பார்ப்பேன். எழும்போது கையை ஊன்றுகிறாரா, ஒரே முயற்சியில் எழுகிறாரா, திரும்பும்போது எத்தனை சின்ன அடிகள் வைக்கிறார், சுவரைத் தேடிக் கை போகிறதா? இன்னொன்று, நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதில் சொல்ல நின்றுவிடுகிறவர்கள் அடுத்த சில மாதங்களில் விழுவது அதிகம் என்று 1997இல் ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பில் இருந்தவர்களிடம் கண்டுபிடித்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது, பேச மிச்சம் இல்லை என்று அதற்கு அர்த்தம். அதனால்தான் மறதி நோய் உள்ளவர்கள் கால் நன்றாக இருந்தும் அடிக்கடி விழுகிறார்கள்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தால் தரை எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குத் தாமதமாகப் போகும். சர்க்கரை உள்ளவர்கள் "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்று சொன்னால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம், முதல் கண்ணுக்குச் செய்ததுமே விழுவது குறைகிறது. மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று ஒரே கண்ணாடியில் இரண்டும் இருந்தால், படி இறங்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க நேர்ந்து படி மங்கலாகத் தெரியும். படியில் தலையை நன்றாகக் குனிந்து பார்க்கப் பழக வேண்டும். காது மந்தம், முழங்கால் தேய்மானம், பார்க்கின்சன், பழைய பக்கவாதம், சிறுநீரை அடக்க முடியாமை, மதுப் பழக்கம் எல்லாமே பட்டியலில் உண்டு. நேற்றுவரை நன்றாக நடந்தவர் திடீரென்று விழ ஆரம்பித்தால் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இது வரலாம்.

வீட்டைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, ஈரமில்லாத தரை, பாதையில் ஒயர் கிடக்காமை, படிக்கட்டின் முதல் படியும் கடைசிப் படியும் தெளிவாகத் தெரிவது, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் செருப்பு. பாத்ரூமில் சுவரோடு திருகிப் பொருத்திய கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து, அது கையோடு வந்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. விழுவது வேறு, அடிபடுவது வேறு. ஒரே மாதிரி விழுந்த இரண்டு பேரில் ஒருவர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுகிறார், இன்னொருவருக்கு இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பு முறிகிறது. இந்த முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் விழுவதால்தான் வருகின்றன, அதுவும் பெரும்பாலும் பக்கவாட்டில் விழுவதால். அறுபதுகளில் விழுபவர் கையை ஊன்றிவிடுவார், மணிக்கட்டு முறியும். எண்பதுகளில் கை வருவதற்குள் இடுப்பு தரையைத் தொட்டுவிடும். ஒல்லியான உடம்பில் அந்த இடத்தில் மெத்தை மாதிரி சதையும் இருக்காது. இந்த முறிவுக்குப் பின் ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் ஐந்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை. பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. எங்களிடம் வருபவர்களுக்கு முதல் வாரத்தில் நான் எவ்வளவு உழைத்தாலும், முறிவுக்கு முன் இருந்த காலை முழுசாகத் திருப்பிக் கொடுக்க முடிவதில்லை. அந்த வருத்தத்தில்தான் முன்கூட்டியே கவனியுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

எலும்பின் பலத்தை டெக்ஸா ஸ்கேனில் பார்ப்பார்கள். அதில் டி ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளையவர்களின் எலும்போடு ஒப்பிட்ட எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு மெலிவு நோய். நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஏற்கெனவே எலும்பு முறிந்தவர், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர், சீக்கிரமே மாதவிடாய் நின்றவர், புகைப்பவர், உயரம் குறைந்து முதுகு கூன் விழுந்தவர் ஆகியோர் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். நல்ல மருந்துகள் இருக்கின்றன. வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் மூதாட்டிகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை 5,00,000 யூனிட் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தபோது விழுவதும் முறிவும் கூடித்தான் போனது. அது 2010இல் வெளிவந்தது. குறைபாடு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் இடைவெளியில் எடுக்கட்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட விழுந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளையைச் சுற்றிக் கசியும் ரத்தம் சில சமயம் நாட்கள், வாரங்கள் கழித்துத்தான் தலைவலியாகவோ குழப்பமாகவோ நடை மாற்றமாகவோ தெரியவரும்.

எலும்பு முறியாமலும் ஒருவர் பெரிய சேதம் அடையலாம். எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடந்தால் உடம்பின் எடையே தசைகளை நசுக்கும், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், தோல் புண்ணாகும், உடம்பு குளிர்ந்துவிடும். தனியாக இருப்பவர்கள் போனைக் கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்வது இதற்காகத்தான். தரையிலிருந்து எழும் முறையையும் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். முதலில் பக்கவாட்டில் புரண்டு, முழங்காலிட்டுத் தவழ்ந்து உறுதியான நாற்காலி வரை போய், பலமான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். அம்மாவுக்கு இதை ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் பழக்குங்கள்.

இன்னொரு சேதம் பயம். இரண்டு முறை விழுந்தவர் தானாகவே நடையைக் குறைப்பார். பிள்ளைகளும் பாசத்தில் "நீங்க எழுந்திருக்காதீங்க, நாங்க எடுத்துத் தர்றோம்" என்பார்கள். ஆறே வாரத்தில் கால் இளைக்கும், அடுத்த விழுதல் நெருங்கும். தயவுசெய்து அம்மாவை உட்காரவைத்துவிடாதீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடற்பயிற்சி விழுவதைக் கிட்டத்தட்ட 23 சதவீதம் குறைப்பதாக 2019இல் தெரியவந்தது. வெறும் நடைப்பயிற்சி போதாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது என்று பேலன்ஸைச் சோதிக்கும் பயிற்சி வேண்டும். முதலில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரம் வரை கொண்டுபோக முடிந்தால் பலன் நன்றாகத் தெரியும், நிறுத்தினால் பலனும் போய்விடும்.

கடைசியாக, நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்திய ஒன்று. முதல் முறை அம்மாவுக்கு முழங்கையில் அடி, அதாவது கை வந்து தாங்கியிருக்கிறது. இரண்டாவது முறை கன்னத்தில். கை தாங்க வராமல் முகம் தரையில் மோதினால், விழுவதற்கு முன்பே ஒரு நொடி நினைவு தப்பியிருக்கலாமோ என்று சந்தேகப்பட வேண்டும். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் அப்படி வரும். அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, தரையில் மோதிய அந்த நொடி ஞாபகம் இருக்கிறதா, அதற்கு முன் படபடப்போ கண் இருட்டலோ இருந்ததா என்று கேளுங்கள். "தடுக்கிடுச்சு" என்று சொல்லிவிடுவார், பலரும் நினைவில்லாததை அப்படித்தான் நிரப்பிக்கொள்கிறார்கள். எதில் தடுக்கியது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், இந்த இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் இதை அப்படியே சொல்லி ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், படுத்தும் நின்றும் பார்த்த பிரஷர் எண்களையும் சேர்த்து.